ரசவாத ஏடுகள்: எதை முதலில் ஸ்கேன் செய்வது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் செய்து பார்க்கும் வேலைகளில் ஒன்று, வீட்டில் இருக்கும் பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவது. முதல் ஆல்பம் உற்சாகமாக முடியும். இரண்டாவதில் வேகம் குறையும். மூன்றாவதைத் திறக்கும்போது, "எல்லாவற்றையும் ஏற்றத்தான் வேண்டுமா? எதை முதலில் எடுப்பது?" என்ற கேள்வி வந்து நிற்கும்.

இதே கேள்வி ஓலைச்சுவடி நூலகங்களுக்கும் உண்டு. அவர்களிடம் இருப்பது ஆல்பம் அல்ல, ஆயிரக்கணக்கான கட்டுகள். அவற்றில் எந்த வகையில் சேர்ப்பது என்றே தெரியாமல் பல காலம் ஓரமாகக் கிடந்தவை ரசவாத ஏடுகள். செம்பைப் பொன்னாக்குவது, பாதரசத்தைக் கட்டுவது, உப்பை உருக்குவது என்று பேசும் ஏடுகள் இவை. "இதெல்லாம் கட்டுக்கதை, இதற்கு எதற்கு ஸ்கேனர்?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படிக் கேட்பது ஏன் ஆபத்து, ஆய்வாளர்களுக்குப் பயன்படும்படி இந்த ஏடுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, உங்கள் வீட்டில் ஒரு கட்டு இருந்தால் நீங்கள் என்ன செய்யலாம் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ரசவாத ஏட்டில் என்ன இருக்கிறது?

ரசம் என்றால் பாதரசம். ரசத்தையும் பிற உலோகங்களையும் உப்புகளையும் மாற்றும் வித்தைக்கு ரசவாதம் என்று பெயர். சுருக்கமாக 'வாதம்' என்றும் சொல்வார்கள். போகர், கொங்கணர், சட்டைமுனி, கருவூரார் போன்ற சித்தர்களின் பெயரில் வழங்கும் பல நூல்களில் இது பேசப்படுகிறது. இன்று நம் கைக்குக் கிடைக்கும் நூல்கள் பலவற்றின் மொழிநடை பிற்காலத்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதனால் இவற்றின் மதிப்பு குறைந்துவிடாது.

காரணம், பொன் செய்யும் ஆசைக்கு நடுவே உண்மையான வேதியியல் வேலைகள் இவற்றில் பதிவாகி இருக்கின்றன. லிங்கம் என்ற சிவப்புத் தாதுவை எடுத்துக் கொள்ளுங்கள். அது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த கூட்டுப் பொருள். அதைச் சூடாக்கி ரசத்தைத் தனியே பிரித்தெடுக்கும் முறை ஏடுகளில் உண்டு. வெடியுப்பு, படிகாரம், அன்னபேதி போன்றவற்றைச் சேர்த்து வாலையில் ஏற்றித் திராவகம் இறக்கும் முறையும் உண்டு. நம் பள்ளி லேபில் நைட்ரிக் அமிலம் என்று படித்தோமே, அதன் உறவினர்தான் இந்தத் திராவகம். பாத்திரத்தின் வாயைத் துணியும் மண்ணும் கொண்டு மூடி ஆவி வெளியேறாமல் அடைப்பதற்கு 'சீலைமண்' என்று தனிச்சொல்லே இருக்கிறது.

இன்னொரு அழகான உதாரணம், சூட்டை அளக்கும் முறை. தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் எத்தனை வறட்டி அடுக்கி எரிக்கிறோம் என்பதுதான் அளவு. காடைப்புடம், கவுதாரிப்புடம், குக்குடப்புடம், வராகப்புடம், கசப்புடம் என்று காடையில் தொடங்கி யானை வரை போகும் பெயர்கள். காடைக்கு ஒரு வறட்டி போதும் என்றால் யானைக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். ஒரு நூலில் சொன்ன எண்ணிக்கை இன்னொரு நூலில் மாறலாம். அந்த மாற்றங்களை ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் வேதியியல் வரலாற்று ஆய்வாளருக்கு ஒரு பிரதி போதாது. பல பிரதிகள் வேண்டும். தேர்வு என்ற பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

நியூட்டனின் தாள்களுக்கு நடந்தது

"பயனுள்ளதை மட்டும் வைத்துக்கொள்வோம்" என்று தேர்வு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐசக் நியூட்டனின் தாள்களே சாட்சி. புவியீர்ப்பு விசையைக் கணக்கிட்ட அதே நியூட்டன், ரசவாதம் பற்றி ஏறக்குறைய பத்து லட்சம் சொற்கள் எழுதி வைத்திருந்தார். அவருடைய தாள்கள் போர்ட்ஸ்மவுத் பிரபு குடும்பத்திடம் இருந்தன. 1872-ல் அவை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. அங்கே ஒரு குழு உட்கார்ந்து பல ஆண்டுகள் தரம் பிரித்து, 1888-ல் பட்டியல் வெளியிட்டது. கணிதமும் இயற்பியலும் பல்கலைக்கழகத்தில் தங்கின. ரசவாதத் தாள்களில் பெரும்பகுதி, அதிகம் பயனில்லாதது என்று குடும்பத்துக்கே திரும்பிப் போனது.

1936-ல் அந்தத் தாள்கள் லண்டனில் சோத்பீஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தன. 329 பகுதிகளாகப் பிரித்து விற்றார்கள். ஒரே மேஜையில் இருந்தவை பல நாடுகளுக்குச் சிதறின. பொருளாதார அறிஞர் ஜான் மேனார்டு கெய்ன்ஸ் தன்னால் முடிந்தவற்றைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்ததால் ஒரு பெரும் பகுதி மீண்டும் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தது. ஒரு தாள் 2016-ல்தான் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் உள்ள வேதியியல் வரலாற்று நிறுவனத்துக்குக் கிடைத்தது. 2000-களில் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம் நியூட்டனின் ரசவாத எழுத்துகளைத் தட்டச்சு செய்து இன்டர்நெட்டில் இடும் பணியைத் தொடங்கியது. அவற்றில் உள்ள சில சோதனைகளை லேபில் செய்தும் பார்த்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். 1888-ல் உட்கார்ந்த குழுவில் இருந்தவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்ல. அவர்கள் தங்கள் காலத்தின் கேள்வியை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த நூற்றாண்டின் கேள்வி வேறாக இருந்தது.

நம் நாட்டில் பி.சி. ராய்

நம் நாட்டிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. கல்கத்தாவில் வேதியியல் பேராசிரியராக இருந்த பிரபுல்ல சந்திர ராய், பழைய ரசவாத நூல் ஒன்றை வைத்து ஒரு கட்டுரை எழுதி, பிரான்சின் புகழ்பெற்ற வேதியியலாளர் பெர்த்தலோவுக்கு அனுப்பினார். பெர்த்தலோ கிரேக்க ரசவாதச் சுவடிகளைத் தொகுத்துப் பதிப்பித்தவர். அவர் தந்த ஊக்கத்தில் ராய் மேலும் தேடினார். தான் முதலில் எடுத்த நூல் பிற்காலத் தொகுப்பு என்பதும், அதற்கு மூலமான பழைய நூல்கள் வேறு இருப்பதும் தெரியவந்தன. பல ஊர் நூலகங்களிலிருந்து கையெழுத்துப் பிரதிகளைத் திரட்டி, 1902-லும் 1909-லும் இந்து வேதியியல் வரலாற்றை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அவர் தேடியவை பெரும்பாலும் வடமொழி நூல்கள். தமிழ் ரசவாத ஏடுகளுக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை.

கையில் முதலில் கிடைப்பது முக்கியமான பிரதியாக இருக்கும் என்று நம்ப முடியாது. பட்டியல் இருந்தால்தான் முக்கியமானது எது என்று தேடவே முடியும்.

புதுச்சேரியில் உள்ள செல்வம்

எங்கள் தவளக்குப்பத்திலிருந்து கடலூர் சாலை வழியாக நகருக்குள் போனால், கடற்கரைக்கு அருகே செயின்ட் லூயி தெருவில் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் இருக்கிறது. 1955-ல் தொடங்கிய நிறுவனம். முதல் இயக்குநர் ழான் பிலியோசா அடிப்படையில் ஒரு மருத்துவர். இந்திய மருத்துவக் கோட்பாடு பற்றி 1949-லேயே நூல் எழுதியவர். அவர் காலத்தில் தொடங்கித் தென்னிந்தியா முழுவதும் தேடி ஓலைச்சுவடிகளைச் சேர்த்தார்கள். விலைக்கோ நன்கொடையாகவோ கிடைக்காத சுவடிகளை ஆள் வைத்துக் காகிதத்தில் படியெடுத்தார்கள். இன்று இங்கே 8,000-க்கும் மேற்பட்ட கட்டுகள் உள்ளன. இதையும், புதுச்சேரியிலேயே இயங்கும் இன்னொரு பிரெஞ்சு ஆய்வு மையத்தின் சுவடிகளையும் சேர்த்து, ஏறக்குறைய 11,000 சுவடிகள் கொண்ட தொகுப்பாக யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது.

இந்தத் தொகுப்பின் பெரும்பகுதி சைவ ஆகமங்களும் அவற்றைச் சார்ந்த நூல்களும்தான். அதில் வியப்பில்லை. சேர்த்தவர்கள் தேடியது அதை. ஆகமம் பற்றி ஆய்வு செய்ய உலகெங்கிலுமிருந்து புதுச்சேரிக்கு வருகிறார்கள் என்றால் அன்றைய தேர்வுதான் காரணம். எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்தத் துறை வளர்கிறது. எதை விடுகிறோமோ அதற்கு ஆய்வாளரும் வருவதில்லை.

ரசவாத, மருத்துவ ஏடுகளைத் தேடுபவர்கள் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரசுவதி மகால் நூலகம் ஆகியவற்றுக்கும் போக வேண்டும். சரசுவதி மகால் நூலகம் சரபோஜி மன்னர் பெயரால் வழங்கும் மருத்துவ முறைகளை அச்சிலும் வெளியிட்டிருக்கிறது.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தால் என்ன?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

ஒரு ஓலை 40 சென்டிமீட்டர் நீளம், மூன்றரை சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற ரெசல்யூஷனில் எடுத்தால் நீளவாட்டில் சுமார் 9,450 புள்ளிகள், அகலவாட்டில் சுமார் 827 புள்ளிகள். பெருக்கினால் ஏறத்தாழ 78 லட்சம் புள்ளிகள். இந்தப் புள்ளிகளைத்தான் பிக்ஸெல் என்கிறோம். ஒவ்வொரு பிக்ஸெலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஆக, சுருக்காமல் சேவ் செய்தால் ஒரு பக்கத்துக்கு 23 எம்பிக்குச் சற்று மேல் வரும். நூறு ஓலை கொண்ட கட்டில் 200 பக்கம். மொத்தம் 4.7 ஜிபி. அதாவது ஒரு கட்டுக்கு ஒரு டிவிடி!

8,000 கட்டு என்றால் சுமார் 38 டெராபைட். ஒரு காலத்தில் இது மலைக்க வைக்கும் அளவு. இன்று 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் கடையிலேயே கிடைக்கிறது. பத்து வாங்கினால் போதும். பாதுகாப்புக்கு இன்னொரு பத்து. ஆகவே இடம் இன்று பெரிய தடை இல்லை.

தடை நேரம். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட்டால்கூட, ஒரு கட்டுக்கு மூன்று மணி இருபது நிமிடம். 8,000 கட்டுக்கு 26,000 மணி நேரத்துக்கு மேல். ஒரு கேமரா, நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 11 ஆண்டுகள் ஆகும். ஓலையைப் பிரிப்பது, தூசு தட்டுவது, எண் சரிபார்ப்பது எல்லாம் இதில் சேரவில்லை. வரிசையில் கடைசியில் நிற்கும் கட்டு 11 ஆண்டு காத்திருக்குமா? கரையானும் பூச்சியும் காத்திருக்காது. அதனால்தான் வரிசை முக்கியம்.

தேர்வுக்கு ஆறு கேள்விகள்

ஒரு ரசவாத ஏட்டை முன்னுக்குக் கொண்டுவரலாமா என்று தீர்மானிக்க ஆறு கேள்விகள் கேட்கலாம்.

1. அழியும் நிலையில் இருக்கிறதா? பூச்சி அரித்தது, ஓரம் உடைவது, ஈரம் பட்டது ஆகியவை முதலில். எண்ணெய்ப் பசை போய் உலர்ந்த ஓலை, தொட்டாலே முறியும்.

2. வேறு பிரதி இருக்கிறதா? அச்சில் வந்துவிட்ட நூல், பல நூலகங்களில் உள்ள நூல் ஆகியவை சற்றுக் காத்திருக்கலாம். இதைச் சரிபார்க்க நூலகப் பட்டியல்களைத் தேட வேண்டும். வெளிநாட்டிலும் தேட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பணியாற்றிய எதுவார் ஆரியேல் என்ற பிரெஞ்சு அதிகாரி சேர்த்த தமிழ்ச் சுவடிகள் இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில்தான் உள்ளன.

3. காலமும் எழுதியவர் பெயரும் இருக்கின்றனவா? சில ஏடுகளின் முடிவில் எழுதி முடித்த நாள் குறிக்கப்பட்டிருக்கும். கொல்லம் ஆண்டு இருந்தால் கணக்கிடலாம். பிரபவ, விபவ என்று தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் எச்சரிக்கை தேவை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும்.

4. செய்முறை தெளிவாக இருக்கிறதா? பாத்திரம், அளவு, புடம், நேரம் ஆகியவற்றைச் சொல்லும் ஏடு வேதியியல் வரலாற்றுக்கு அதிகம் பயன்படும். ஆனால் பரிபாஷையில் மறைத்துச் சொன்ன ஏட்டையும் ஒதுக்கிவிடக் கூடாது. இன்று புரியாதது நாளை இன்னொரு ஏட்டின் துணையால் புரியலாம்.

5. பயன்படுத்திய தடம் இருக்கிறதா? ஓரக் குறிப்பு, அடித்தல் திருத்தல், சரக்கு விலை, "இது சரிவரவில்லை" என்பது போன்ற குறிப்பு இருந்தால் அது படிப்பதற்காக மட்டும் வைத்த ஏடு அல்ல, உண்மையில் அடுப்பங்கரையில் இருந்த ஏடு.

6. உரிமையாளர் சம்மதம் இருக்கிறதா? பரம்பரை வைத்தியர் குடும்பங்களுக்குத் தங்கள் ஏடு வெறும் பழம்பொருள் அல்ல. பட்டியலில் பெயர் மட்டும் போடலாமா, படம் எடுக்கலாமா, இன்டர்நெட்டில் எல்லோருக்கும் காட்டலாமா என்பவை மூன்று தனித்தனிச் சம்மதங்கள்.

ஒரு பயிற்சி

கற்பனையாக ஐந்து கட்டுகள் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் இரண்டைத்தான் படமெடுக்க முடியும்.

முதல் கட்டு போகர் ஏழாயிரத்தின் ஒரு பகுதி. நல்ல நிலையில் உள்ளது. இரண்டாவது நாற்பது ஓலை. முதல் பத்து ஓலை இல்லை, தலைப்புத் தெரியவில்லை, கரையான் அரித்திருக்கிறது, இடையில் வாலை, சூதம் என்ற சொற்கள் கண்ணில் படுகின்றன. மூன்றாவது ஒரு வைத்தியரின் அன்றாட மருந்துக் கணக்கு. நான்காவது முழுமையான வாதகாவியம். எழுதியவர் பெயரும் ஆண்டும் உண்டு. ஐந்தாவது நூறாண்டு பழைய காகித நோட்டு. மையின் அமிலத்தால் எழுத்து இருக்கும் இடமே பொத்தலாகி வருகிறது.

பெரும்பாலோர் முதலாவதையோ நான்காவதையோ எடுப்பார்கள். பெயர் தெரிந்தது, அழகாக இருக்கிறது. ஆனால் இந்த வாரம் எடுக்க வேண்டியவை இரண்டாவதும் ஐந்தாவதும். அடுத்த வருடம் அவை இருக்குமா என்பதே சந்தேகம். அடுத்த வாரம் நான்காவது, பிறகு மூன்றாவது. போகர் ஏழாயிரம் அச்சில் இருப்பதால் கடைசி. ஆனால் அச்சுப் பிரதியும் இந்த ஏடும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. எனவே அதுவும் வரிசையில் நிற்க வேண்டும், வெளியே போகக் கூடாது.

சுருக்கமாகச் சொன்னால்: பட்டியல் எல்லாவற்றுக்கும், படம் வரிசைப்படி, கழிப்பது எதையும் இல்லை. கேம்பிரிட்ஜில் பட்டியல் போட்டார்கள், ஆனால் கழித்தும்விட்டார்கள். அங்கேதான் தவறு.

தேடினால் கிடைக்க வேண்டுமே!

படம் எடுத்தாயிற்று. இன்னும் வேலை முடியவில்லை. ஓலையின் படம் கம்ப்யூட்டருக்கு வெறும் புள்ளிகள்தான். அதில் 'ரசம்' என்று எழுதியிருப்பது அதற்குத் தெரியாது. அச்செழுத்தைப் படிக்கும் ஓசிஆர் சாப்ட்வேர் ஓலைக்குச் சரிவராது. பழைய ஓலைகளில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகார வேறுபாடு இருக்காது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. கையெழுத்தை வாசிக்கப் பழக்கும் செயற்கை நுண்ணறிவு சாப்ட்வேர்கள் இப்போது வந்திருக்கின்றன. ஆனால் அவற்றுக்கும் முதலில் ஏடு வாசிக்கத் தெரிந்த ஒருவர் பல பக்கங்களை வாசித்துக் கொடுத்தாக வேண்டும்.

ஆகவே ஆய்வாளர் தேடுவது படத்துக்குள் அல்ல, பட்டியலில். பட்டியலில் ரசவாத ஏடுகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'வாதம்' என்று தேடிப் பாருங்கள். மூட்டுவலிக்குச் சொல்லும் வாதமும் வரும், ரசவாதமும் வரும், சமய விவாதமும் வரும். 'சூதம்' என்றால் பாதரசம். தெரியாதவர் சூதாட்டம் என்று நினைப்பார். 'வீரம்', 'பூரம்' இரண்டும் பாதரச உப்புகள். தலைப்பை மட்டும் பார்த்து ஒரு வாதகாவியத்தை நோய் நூல்களுடன் சேர்த்துவிட்டால், அது ஸ்கேன் ஆகி இன்டர்நெட்டில் இருந்தும் வேதியியல் ஆய்வாளர் கண்ணில் படாது. இருந்தும் இல்லாத கதைதான்.

தீர்வு எளிது. எக்ஸெல் போன்ற சாப்ட்வேரில் பட்டியல் போடும்போது தலைப்புக்கு ஒரு கட்டம், துறைக்கு ஒரு கட்டம், பேசப்படும் சரக்குகளுக்கு ஒரு கட்டம், கருவிகளுக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக வையுங்கள். சரக்குக் கட்டத்தில் ஏட்டில் உள்ள சொல்லையும் இன்றைய சொல்லையும் சேர்த்தே தட்டச்சு செய்யுங்கள்: சூதம், பாதரசம். பட்டியலை யுனிகோடில் மட்டுமே தட்டச்சு செய்யுங்கள். பழைய பாமினி, டிஸ்கி, டேப் போன்ற முறைகளில் அடித்த பட்டியல்கள் அந்தந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத குறிகளாகத்தான் தெரியும்.

எல்லோருக்கும் காட்டலாமா?

ரசவாத ஏட்டில் விஷமும் உண்டு. வீரமும் பாஷாணங்களும் உயிரைப் பறிக்கக் கூடியவை. லிங்கத்தைச் சூடாக்கும்போது வரும் பாதரச ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எனவே ஏட்டில் படித்த எதையும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஆபத்து என்பதற்காக ஏட்டை மறைப்பதைவிட, படத்துடன் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்து வெளியிடுவதே நல்லது.

"நம் ரகசியத்தை வெளிநாட்டுக்காரர் எடுத்துக்கொள்வார்" என்ற பயமும் நியாயமானதே. 1995-ல் மஞ்சளின் புண் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு பழைய நூல் ஆதாரங்களைக் காட்டி வாதாடி, 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. பிறகு 2001-ல் பாரம்பரிய அறிவுக்கான டிஜிட்டல் நூலகம் தொடங்கப்பட்டது. சித்த மருத்துவ நூல்களும் அதில் உண்டு. அது முதலில் காப்புரிமை அலுவலகங்கள் பார்ப்பதற்காக மட்டும் ஏற்பட்டது. மற்றவர்களுக்கும் படிப்படியாகத் திறக்க 2022-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மஞ்சளைக் காப்பாற்றியது ரகசியம் அல்ல, காட்ட முடிந்த எழுத்து ஆதாரம். யாருக்கும் தெரியாத ஏடு ஆதாரமாக நிற்க முடியாது.

உங்கள் வீட்டில் ஒரு கட்டு இருந்தால்

பரணில், பூஜை அறையில், பாட்டியின் மரப்பெட்டியில் ஏடுகள் இருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. போகியில் எரித்ததும் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதும் போக மிஞ்சியவை அவை. இப்படிச் செய்யுங்கள்.

• நீரால் துடைக்காதீர்கள். லேமினேஷன் செய்யாதீர்கள். ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். எலுமிச்சைப் புல் எண்ணெய் பூசிச் சுத்தம் செய்வது நூலகங்களில் வழக்கம். ஆனால் அதைப் பழகியவர்களிடம் விடுங்கள்.

• ஓலையின் வரிசையை மாற்றாதீர்கள். பக்க எண் தமிழ் எண்களில் இருக்கும். வரிசை தவறியதுபோல் தோன்றினாலும் இருக்கிறபடியே படமெடுங்கள்.

• மூடி வைத்து அழுத்தும் ஸ்கேனர் வேண்டாம். வளைந்த ஓலை முறிந்துவிடும். டிஜிட்டல் கேமராவையோ செல்போனையோ ஸ்டாண்டில் நேராக நிறுத்தி எடுங்கள். பிளாஷ் வேண்டாம். மை தடவாத ஓலையாக இருந்தால் பக்கவாட்டிலிருந்து விளக்கு வைத்தால் கீறிய எழுத்து நிழலாகத் தெரியும்.

• படத்தில் ஒரு ஸ்கேலும் தெரியட்டும். ஓலையின் உண்மையான அளவு அதில்தான் பதிவாகும்.

• பைல் பெயரை எண்களாக வையுங்கள்: கட்டு எண், ஓலை எண், பக்க எண். 017-012-1 என்றால் 17-ஆம் கட்டு, 12-ஆம் ஓலை, முன்பக்கம். 'புதிய படம் 5' என்று வைத்தால் ஒரு மாதத்தில் உங்களுக்கே புரியாது.

• முதல் பிரதியை டிஃப் வடிவில் வைத்துத் தொடாமல் விடுங்கள். கேமரா ஜேபெக் மட்டுமே தருமானால் அந்த ஜேபெக்கையே மூலமாக வையுங்கள். வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் காப்பியில் செய்யுங்கள். ஜேபெக்கைத் திருத்தித் திரும்பத் திரும்ப சேவ் செய்தால் தரம் குறைந்துகொண்டே போகும்.

• குறைந்தது இரண்டு பேக்கப். அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

• 75 ஆண்டுக்கு மேற்பட்ட, அறிவியல் அல்லது வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. தனியார் யாரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. எனவே வாங்க வரும் வியாபாரியிடம் கொடுப்பதற்கு முன் அருகில் உள்ள சுவடி நூலகத்தைக் கேளுங்கள். 2003-ல் மத்திய அரசு தொடங்கிய தேசியச் சுவடிகள் இயக்கம் நாடெங்கும் பட்டியல் எடுத்தது. 2025-ல் 'ஞான பாரதம்' என்ற பெயரில் அந்தப் பணி விரிவாக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவும் செய்ய நேரமில்லை என்றால், ஒன்று மட்டும் செய்யுங்கள். கட்டின் முதல் ஓலை, கடைசி ஓலை, நடுவில் ஒன்று, ஆக மூன்று ஓலைகளை இரு பக்கமும் படமெடுத்து, எத்தனை ஓலை, எந்த ஊர், யாரிடமிருந்து வந்தது என்று ஒரு சின்னப் பைலில் குறித்து வையுங்கள். ஏடு வாசிக்கத் தெரிந்த ஒருவர் அந்த ஆறு படங்களைப் பார்த்து, அது ஜாதகமா, பாட்டா, வாதகாவியமா என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார். அதுதான் பட்டியலின் முதல் வரி. அந்த வரி இருந்தால் ஏடு வரிசையில் நின்றுவிட்டது என்று அர்த்தம்.